மீண்டும் கையை நனைக்கவும்

வலிமானி மூன்று காட்டியது. தமயந்திக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது.

பித்தப்பையை எடுத்த இரண்டாம் நாள் பகல். வயிற்றுக்குள் ஒரு கை நுழைந்து ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு பிடி. அழைப்பு மணியை நாலாவது தடவையாக அழுத்தினாள். நர்ஸ் வந்தாள். தமயந்தியின் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்தாள்.

"மூணுதாங்க்கா காட்டுது. அஞ்சு தாண்டினாத்தான் நான் டாக்டரையே கூப்பிட முடியும்."

"எனக்கு ஒம்பது வலிக்குதும்மா."

"அப்படித் தோணுங்க்கா. கொஞ்சம் மூச்சை இழுத்து விடுங்க."

அவள் குரலில் கனிவு இருந்தது. கனிவுக்குக் குறைச்சல் இல்லாத ஆஸ்பத்திரி அது. மருந்துக்குத்தான் பட்டையின் அனுமதி வேண்டும். வலி என்று நோயாளி சொல்வதை மருத்துவமனைகள் கேட்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. வேர்வை, நாடி, தோலின் நடுக்கம் எல்லாவற்றையும் அளந்து பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஒரு எண்ணைப் பட்டை சொல்லும். அந்த எண்ணுக்குத்தான் மருந்து.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன் தங்கவேல் அவள் தலையைத் தடவிக் கொடுத்தான். பம்பு செட் பட்டறை வைத்திருப்பவன். நல்லவன், அதனால்தான் அவன் சொன்னது அவ்வளவு சுருக்கென்று குத்தியது.

"நீங்க செஞ்சு அனுப்பற மெஷினாச்சே தமா. அது தப்பாக் காட்டுமா? பயத்துல அப்படித் தெரியுது உனக்கு."

ஆம், அவர்கள் செய்து அனுப்பும் இயந்திரம்தான். அன்னூர் சாலையில் இருக்கிற கம்பெனியில் பத்து வருடமாக அவள் சோதனைப் பொறியாளர். நாட்டில் எந்த மணிக்கட்டில் வலிமானி இருந்தாலும் அது அவள் பெயரிட்ட சோதனைக் கோப்பைக் கடந்துதான் போயிருக்கும்.

அன்று மாலை அவளுடைய மேலதிகாரி நந்தகோபால் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் அவரை 'கோபாலண்ணா' என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதே தங்கவேலைப் பற்றி விசாரித்துச் சொன்னவர். கட்டிலருகே நின்று பட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் பட்டையைப் பார்த்தார்.

"மூணுதானே? நல்லாத் தேறிட்டீங்க தமயந்தி" என்றார்.

மறுநாள் மதியம் அவள் நினைவிழந்தாள். உள்ளே பித்தநீர் கசிந்து வயிறு முழுவதும் சீழ் பிடித்திருந்தது. மறுபடியும் கத்தி, இருபத்தொரு நாள் படுக்கை. குடலில் முக்கால் அடியை வெட்டி எடுத்த டாக்டர், "முந்தின நாளே சொல்லியிருந்தீங்கன்னா இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்றார்.

"சொன்னேன் டாக்டர்."

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். "பதிவுல மூணுன்னுதானேம்மா இருக்கு?"

புதிய சாட்சியச் சட்டம் வந்ததிலிருந்து மனிதர் பார்த்ததைச் சொன்னால் அது கருத்து, இயந்திரம் எழுதிய கோப்புத்தான் சாட்சி. கருத்தைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். சாட்சியைத்தான் எழுதிக்கொள்வார்கள்.

இரண்டு மாதம் கழித்து, நிமிர்ந்து நடக்க முடிந்த முதல் வாரமே தமயந்தி வேலைக்குத் திரும்பினாள். எல்லோரும் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அவளுக்குப் பழைய கோப்புகளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வலிமானியைச் சோதிக்க வலி வேண்டும். கம்பெனியில் அதற்கென்று எட்டுப் பெண்கள் இருந்தார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்காருவாள். இடது கையில் புதுப் பட்டை. வலது கையை உறைநிலைக்குச் சற்று மேலான குளிர்நீரில் ஒரு நிமிடம் முக்கி, எவ்வளவு வலிக்கிறது என்று ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். அவள் ஏழு என்று சொல்லிப் பட்டை ஐந்து காட்டினால், பட்டைதான் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். மனிதர் சொல்வதே அளவுகோல். சோதனை என்பதே அதற்காகத்தான்.

நாலு வருடத்துக்கு முன்பு வரை எண்களைக் கையால் எழுதினார்கள். பிறகு தமயந்தி ஒரு மேக்ரோ எழுதினாள். ஒரு பொத்தானை அழுத்தினால் பத்து வேலையை வரிசையாகச் செய்துவிடும் சின்ன நிரல். அது கையை நனைக்கச் சொல்லும், எண்ணைக் கேட்கும், பட்டையின் எண்ணோடு ஒப்பிடும், தணிக்கைக்காரர்கள் கேட்கிற வடிவத்திலேயே சோதனைக் கோப்பை எழுதும். கட்டளைகளுக்குத் தன் குரலையே பதிவு செய்து வைத்தாள். வெளியாளைக் கூப்பிட்டால் வீண் செலவு என்று நினைத்தாள், உள்ளூர அவளுக்கு அது பிடித்தும் இருந்தது.

ஒரு வரி மட்டும் நந்தகோபால் கேட்டுச் சேர்த்தது. "ரெண்டு நம்பரும் ஒத்துப்போகாத வரி கோப்புல இருந்தா தணிக்கைல ஆயிரம் கேள்வி கேப்பாங்க. பட்டை சரியாக் கட்டாம இருக்கும், கை சரியா முங்காம இருக்கும். அந்த மாதிரி வந்தா அழிச்சுட்டு மறுபடி சோதிக்கச் சொல்லுங்க. கடைசியா வர்றத மட்டும் எழுதினாப் போதும்." நியாயமாகத்தான் பட்டது. பத்து நிமிட வேலை. பன்னிரண்டு தடவை சோதித்தும் ஒத்துப்போகாவிட்டால் பட்டை பழுது, அந்தத் தொகுதி முழுவதும் திரும்பப் பெறப்பட வேண்டும் என்றும் ஒரு வரி போட்டாள். அந்த வருடம் அவளுக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

இப்போது அந்தக் கோப்புகளைத் திறந்து வரிசையாகப் பார்த்தாள். கையால் எழுதிய காலத்தில் ஒருத்தி ஆறு, ஒருத்தி எட்டு, ஒருத்தி ஏழு என்று எண்கள் சந்தை மாதிரி இரைந்துகொண்டிருந்தன. மேக்ரோ வந்து இரண்டு மாதத்தில் சத்தம் அடங்கிவிட்டது. ஒரு நாள் முழுக்க எல்லோரும் ஐந்து. மறுநாள் எல்லோரும் நாலு. போன வருடத்திலிருந்து பெரும்பாலும் மூன்று. எட்டுப் பேரும், எல்லாப் பட்டைகளும், முதல் முயற்சியிலேயே. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் பொறுப்பாளர்: தமயந்தி.

முகம் கழுவலாம் என்று பெண்கள் கழிவறைக்குப் போனாள். கண்ணாடியின் மூலையில் மூன்று ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். 'எங்கயாச்சும் ஒட்ட வேண்டியது, இதுக்கெல்லாம் ஒரு குப்பைத்தொட்டி இல்லையா?' என்று சத்தம்கூடப் போட்டிருக்கிறாள். அன்றைய கோப்பில் எல்லோரும் மூன்று. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தாள். நாலு பொட்டு. ஓடிப்போய்க் கோப்பைத் திறந்தாள். நாலு, நாலு, நாலு.

கோப்பை மூடாமலேயே கேண்டீனுக்குப் போனாள்.

கேண்டீனில் கலாமணி தனியாக உட்கார்ந்து தக்காளி சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எட்டுப் பெண்களில் மூத்தவள், நாற்பத்தெட்டு வயது, அவிநாசிப் பக்கத்துக்காரி. தமயந்தி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று பஸ் மாறி வந்து விபூதி பூசிவிட்டுப் போனவள். தமயந்தி எதிரே உட்கார்ந்து நேராகக் கேட்டாள்.

"கண்ணாடியில பொட்டு ஒட்டறது யாருக்கா?"

கலாமணி கையிலிருந்த சோற்றை டப்பாவில் வைத்தாள். "மொதல்ல உள்ள போறவங்க ஒட்டுவோமுங்க. பெரும்பாலும் நாந்தான்."

"எதுக்கு?"

"அன்னைக்கு மெஷினு என்ன நம்பரக் கேக்குதுன்னு மத்தவங்களுக்குத் தெரியோணுமில்லீங்க?"

"மெஷின் கேக்கலக்கா. மெஷினுக்கு நீங்க சொல்லணும். உங்களுக்கு எவ்வளவு வலிச்சுதோ அதைச் சொல்லணும். அதுக்குத்தானே சம்பளம்?"

"சொன்னமுங்க அம்மிணி. ஏழுன்னு சொன்னா டொய்ங்குங்கும். உங்க குரல்ல 'மீண்டும் கையை நனைக்கவும்'ங்கும். மறுக்காக் கைய வுட்டு ஏழும்போம். மறுபடி டொய்ங். ஆறும்போம். அஞ்சும்போம். எதச் சொன்னாச் சும்மா இருக்குதோ அதச் சொல்றவரைக்கும் உடாதுங்க. ஒரு நாளைக்கு இருவது பட்டை. உள்ளதச் சொன்னா அறுவது தடவ பனித்தண்ணி. மொதல்ல போறவ கஷ்டப்பட்டுக் கண்டுபுடிச்சுட்டா மத்த ஏழு பேரு தப்பிச்சுக்கலாமில்லீங்க?"

அவள் வலது கையை மேசைமேல் வைத்தாள். சுண்டு விரலும் மோதிர விரலும் நுனியில் கறுத்துத் தடித்திருந்தன. "இது ரெண்டுல இப்பச் சுட்டாக்கூடத் தெரியாதுங்க."

தமயந்தி அதைப் பார்க்கத்தான் செய்தாள். ஆனால் அவள் கண்முன் ஆஸ்பத்திரியில் பட்டை காட்டிய மூன்றுதான் நின்றது. "உங்களாலதான்க்கா நான் செத்துப் பிழைச்சேன். எட்டுப் பேரும் சேர்ந்து என் கழுத்தை அறுத்துட்டீங்க. எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா உங்களுக்கு?"

"சொன்னனுங்களே."

"எப்போ?"

"அது வந்த மொத மாசம். உங்க ரூமுக்கே வந்தனுங்க. உள்ளதச் சொன்னாத் தண்டிக்குதுங்க அம்மிணின்னு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க. 'மெஷின் எதுக்குக்கா பொய் சொல்லப்போவுது, பட்டைய இறுக்கிக் கட்டுங்க'ன்னீங்க. நான் போயி இறுக்கிக் கட்டுனேன்."

தமயந்திக்கு அது நினைவே இல்லை. எவ்வளவோ யோசித்தும் நினைவு வரவில்லை. அதுதான் அவளை அதிகம் அவமானப்படுத்தியது.

அங்கிருந்து நேராக நந்தகோபாலின் அறைக்குப் போனாள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. கோப்புகளைக் காட்டினாள், பொட்டைச் சொன்னாள். இயந்திரம் சொன்னதையே பெண்கள் திருப்பிச் சொல்ல, அதையே நம்பி இயந்திரம் மேலும் இறங்கிய கதையை மூச்சு வாங்கச் சொன்னாள். அவர் ஆச்சரியப்படுவார், பதறுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியும் தமயந்தி. ரெண்டு வருஷமாத் தெரியும். எட்டுப் பொம்பளைங்க ஒரே நாள்ல ஒரே நம்பர் சொல்வாங்களா? பார்த்தாலே தெரியாதா?"

"தெரிஞ்சுமா விட்டீங்க?"

"ஆயிரம் ஆஸ்பத்திரில ஓடிட்டு இருக்கு. வலி மருந்துச் செலவு பாதியாக் குறைஞ்சுதுன்னு சந்தோஷமா இருக்காங்க. நிறுத்தினா நானூறு குடும்பம் தெருவுக்கு வரும். யாரும் சாகலையேன்னு நெனச்சேன்."

அவளுக்கு ஆப்பிள் பை நினைவுக்கு வந்தது. கட்டிலருகே நின்று பட்டையைப் பார்த்து, அவளைப் பார்த்து, மறுபடியும் பட்டையைப் பார்த்தாரே! அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று தெரிந்த ஒரே மனிதர் அந்த அறையில் அவர்தான். தெரிந்துகொண்டே 'நல்லாத் தேறிட்டீங்க' என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போயிருக்கிறார்.

"அண்ணா..." என்று ஆரம்பித்தாள். அந்த வார்த்தை தொண்டையிலேயே கசந்தது. "சார், நான் புகார் கொடுக்கப் போறேன்."

"கொடுங்க. ஆனா மேக்ரோவுல கை வெச்சுடாதீங்க, ஆதாரத்தை அழிச்சதாயிடும். அதோட..." சற்றுத் தயங்கித்தான் சொன்னார். "ஒவ்வொரு வரியிலயும் இருக்கறது உங்க பேரு. என் பேரு எங்கயும் இல்ல."

புகார் அரசாங்கத்துக்குப் போயிற்று. ஒரே மாதத்தில் மூவர் குழு வந்து இறங்கியது. தலைவர் ஓய்வு பெற்ற மருத்துவர், கூட ஒரு வழக்கறிஞர் அம்மா, ஒரு கணக்காயர். தமயந்தி சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலைவர் சொன்னார்: "இதெல்லாம் கருத்தும்மா. பட்டை பழுதுன்னு கோப்பு சொல்லணும். கோப்பு இருக்கா?"

அப்படி ஒரு கோப்பு உண்டாவதற்கு ஒரே வழிதான் இருந்தது, அவளே வைத்த வழி. யாராவது ஒருத்தி பன்னிரண்டு தடவையும் உள்ளதைச் சொல்ல வேண்டும். இதுவரை யாரும் நாலு தடவையைத் தாண்டியதில்லை. தானே கையை விடுகிறேன் என்றாள் தமயந்தி. நிரலை எழுதியவர் சோதனைக்கு உட்கார விதியில் இடமில்லை என்றார்கள். மற்ற ஏழு பெண்களும் தரையைப் பார்த்தார்கள்.

"பன்னெண்டுதானுங்களே?" என்றாள் கலாமணி. "நான் உக்காந்துக்கறேன்."

"அக்கா, உங்க விரலு..."

"இத்தன வருசம் பொய்யச் சொல்லிச் செத்த விரலுதானுங்க. ஒரு நாளைக்கு நெசத்தச் சொல்லட்டும். நீங்க மட்டும் பக்கத்துல நில்லுங்க அம்மிணி. நான் தளந்தாக்கூட நீங்க வுட்டுறாதீங்க."

"விடமாட்டேன்க்கா."

மறுநாள் காலை பதினோரு மணி. கண்ணாடி அறையைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். சட்டப்படி, கைக்கு உரியவள் வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டால் சோதனை ரத்து. எண் ஒத்துப்போனால் முடிவு. இரண்டும் நடக்காவிட்டால் பன்னிரண்டு.

"கையை நனைக்கவும்" என்றது தமயந்தியின் பதிவான குரல், நாலு வருடத்துக்கு முந்தைய உற்சாகத்தோடு.

கலாமணி கையை மணிக்கட்டுவரை முக்கினாள். ஒரு நிமிடம் ஆனது. "ஏழு."

டொய்ங். "மீண்டும் கையை நனைக்கவும்."

"ஏழு."

டொய்ங்.

நாலாவது தடவையில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஐந்தாவதில் கண்ணீர் தானாக வழிந்தது, அதை அவள் துடைக்கவில்லை. ஆறாவதற்கு மேல் ஏழு என்பது எட்டாயிற்று, எட்டு ஒன்பதாயிற்று. பட்டை மூன்றிலேயே நின்றது. ஒவ்வொரு இடைவேளையிலும் கையை வெளியே எடுக்கும்போது ரத்தம் திரும்புகிற வேதனை முக்கும்போது இருப்பதைவிட மோசமாக இருந்தது போலும். தோள் தூக்கிப் போட்டது. கணக்காயர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வழக்கறிஞர் அம்மா, "நிறுத்தலாமா சார்?" என்று மெல்லக் கேட்டார். "அவங்கதான் நிறுத்தணும்" என்றார் தலைவர். நந்தகோபால் ஒரு வெள்ளைத் துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றார்.

பத்தாவது முடிந்தது. நகங்கள் நீலமாகிவிட்டன. கலாமணிக்கு விரல் மடங்கவில்லை, இடது கையால் வலது கையைத் தூக்கித்தான் நீருக்குள் இறக்கினாள். தண்ணீருக்குள் அந்தக் கை மரக்கட்டையாகக் கிடந்தது. அவள் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. அந்தச் சத்தம் தமயந்திக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் பற்களும் அப்படித்தான் அடித்துக்கொண்டன.

பதினொன்றாவது நிமிடம் முடிந்தது. கலாமணி வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. கண்கள் செருகின. இன்னும் ஒன்றே ஒன்று என்று தமயந்திக்குத் தெரியும். ஆயிரம் ஆஸ்பத்திரிகளும் அந்த ஒன்றில்தான் இருக்கின்றன என்றும் தெரியும். மனசு முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் வாய் வேறொன்றைச் சொன்னது.

"அக்கா... மூணுன்னு சொல்லிடுங்கக்கா. போதும். மூணுன்னு சொல்லிடுங்க."

கலாமணி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தமயந்தி தாங்கியிருப்பாள். யார் என்று தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு ஒலிவாங்கியின் பக்கம் திரும்பினாள்.

"மூணு."

டொய்ங் வரவில்லை. "சோதனை முடிந்தது. நன்றி" என்றது தமயந்தியின் குரல்.

கோப்பு திரையில் வந்தது. தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். "சொன்ன எண் மூன்று. காட்டிய எண் மூன்று. முயற்சி ஒன்று. ஒத்துப்போகிறது. பொறுப்பாளர், தமயந்தி."

"பதினோரு தடவை சார்!" என்று கத்தினாள் தமயந்தி. "உங்க கண்ணால பார்த்தீங்களே! எல்லாரும் நின்னு பார்த்தீங்களே!"

"பார்த்தோம்மா" என்றார் தலைவர். அவர் பொய் சொல்லவில்லை, வருத்தமாகக்கூட இருந்தது அவருக்கு. "ஆனா கோப்புல ஒண்ணுதானே இருக்கு?" கையெழுத்துப் போட்டார். வழக்கறிஞர் அம்மாவும் போட்டார். கணக்காயர் பேனாவைத் தேடினார்.

தமயந்தி கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினாள். அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் பொத்திக்கொள்ளக் குனிந்தாள். கலாமணி கையை இழுத்துக்கொண்டாள்.

"இதச் சொல்லத்தானுங்களா மேடம் பக்கத்துல நின்னீங்க?"

அவள் இதுவரை தமயந்தியை மேடம் என்று கூப்பிட்டதில்லை. எழுந்து, கதவோரம் நின்ற நந்தகோபால் நீட்டிய துண்டை வாங்கிக் கையில் சுற்றிக்கொண்டு வெளியே போனாள்.